டெல்டா பள்ளிகளில் குழந்தைகளின் உண்ணும் பழக்கம், உடற்பருமன் ஆய்வு: களத்தில் எங்கே சறுக்கும்?

களப்பணி_குடந்தை

வணக்கம். கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி வட்டாரப் பள்ளிகளில் 3, 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு தொடங்க இருக்கிறோம். பசித்தால்தான் சாப்பிடுகிறார்களா, கண்ணில் பட்டாலே கை போகிறதா, வயிறு நிறைந்ததும் நிறுத்தத் தெரிகிறதா, மனசு சரியில்லாத நேரத்தில் தின்பண்டம் தேடுகிறார்களா என்று பார்த்து, இவற்றுக்கும் உடல் எடைக்கும் என்ன தொடர்பு என்று அறிவதுதான் நோக்கம். அரசு, அரசு உதவி பெறும், தனியார் என மூன்று வகைப் பள்ளிகளும் உண்டு.

இப்போதைய திட்டம் இது. 10 பள்ளிகள், பள்ளிக்கு 80 பிள்ளைகள், மொத்தம் 800. ஜூலையில் அரசுப் பள்ளிகளில் தொடங்கி, அவை முடிந்தபின் தனியார் பள்ளிகளுக்குப் போவோம். டிசம்பருக்குள் முடிக்க வேண்டும். களப்பணியாளர்கள் நான்கு பேர், உயரமானி 2, டிஜிட்டல் எடைமானி 2. உண்ணும் பழக்கத்துக்கு, பிள்ளைகள் எப்படி உண்கிறார்கள் என்று பெற்றோரிடம் கேட்டறியும் சி.இ.பி.க்யூ. என்ற ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பி, அம்மாக்கள் நிரப்பியதும் திரும்ப வாங்கிக்கொள்வோம். முந்தைய நாள் என்னென்ன சாப்பிட்டார்கள் என்பதை அம்மாக்களிடம் போனில் கேட்போம்.

இதில் எது தேறாது என்று இப்போதே சொல்லுங்கள். முதல் பிள்ளையை அளந்த பிறகு முறையை மாற்றினால் அதுவரை எடுத்ததெல்லாம் வீண்.

மன்னை_புள்ளியியல்

மாதங்களிலிருந்தும் எண்ணிக்கையிலிருந்தும் தொடங்குகிறேன், இரண்டுமே மாற வேண்டியவை.

அரசுப் பள்ளிகளை ஜூலையிலும் தனியார் பள்ளிகளை நவம்பரிலும் எடுத்தால், கடைசியில் உங்களுக்குக் கிடைக்கும் வித்தியாசம் பள்ளியால் வந்ததா பருவத்தால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நம் பக்கத்தில் சாப்பாடு மாதத்துக்கு மாதம் மாறுவது. புரட்டாசியில் பல வீடுகளில் மீனும் கறியும் நின்றுவிடும். கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட அப்பாவோடு சேர்ந்து வீடே சைவம், சில பிள்ளைகளும் மாலை போட்டிருப்பார்கள். தீபாவளிப் பலகாரம் ஒரு வாரத்துக்கு மேல் டப்பாவில் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஆட்சியர் விடுமுறை அறிவித்துவிட்டால் அன்றைய திட்டம் அவ்வளவுதான். இடையில் அரையாண்டுத் தேர்வு வேறு.

ஆகவே களத்தை இரண்டு தவணையாக வையுங்கள். ஜூலை முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை ஒன்று, காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் முடிந்துவிடும். பொங்கல் கழிந்து ஜனவரி 20 வாக்கில் தொடங்கி மார்ச் கடைசி வரை இன்னொன்று. ஒவ்வொரு வாரமும் ஓர் அரசுப் பள்ளி, ஒரு தனியார் அல்லது உதவி பெறும் பள்ளி என்று மாற்றி மாற்றிப் போங்கள். இரண்டாம் தவணையில் ஒரு கவனம்: 2026, 2027 இரண்டு ஆண்டுகளிலும் ரமலான் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை பக்கத்துப் பள்ளிகளை முதல் தவணையிலேயே முடித்துவிடுங்கள். நோன்பு வைக்காத சின்னப் பிள்ளைகளுக்கும் அந்த மாதத்தில் வீட்டுச் சாப்பாட்டு நேரம் தலைகீழாகிவிடும்.

இனி 800. ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள்: அதே தெரு, அதே பெட்டிக்கடை, ஏறக்குறைய அதே வருமானம். இந்த ஒற்றுமையின் அளவை, அதாவது உள்கொத்துத் தொடர்பை, 0.02 என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு 80 பேர் எடுத்தால் வடிவமைப்பு விளைவு, அதாவது இந்த ஒற்றுமையால் எத்தனை மடங்கு கூடுதல் பிள்ளைகள் தேவை என்ற எண், 1 + (79 × 0.02) = 2.58. உங்கள் 800 பேர் சுமார் 310 பேர் தரும் தகவலைத்தான் தருவார்கள். அதே 800 பேரை 40 பள்ளிகளில் 20 பேராக எடுத்தால் விளைவு 1.38, தகவல் 580 பேருக்குச் சமம். அலைச்சல் கூடும், ஆனால் பலன் கிட்டத்தட்ட இரட்டிப்பு. 40 பள்ளி முடியாதென்றால் 28 பள்ளி, 30 பேர் என்று நடுவில் நில்லுங்கள்.

எத்தனை பேர் தேவை என்பது கேள்வியைப் பொறுத்தது. எத்தனை சதவீதம் பிள்ளைகளுக்கு அதிக எடை என்று கேட்டால், 12 சதவீதம் இருக்கலாம் என்று கொண்டு 3 சதவீதப் புள்ளி துல்லியத்துக்கு 451 பேர். 30 பேர் கொத்துக்கு அதை 1.58-ஆல் பெருக்கினால் 713. 15 சதவீதம் பேர் வராமல் போவார்கள் என்று சேர்த்தால் 839. அந்த 28 பள்ளிக் கணக்குக்கு இது சரியாகப் பொருந்துகிறது. 12 என்பது கணக்குக்காக வைத்த எண்தான். 2016–18 தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 5–9 வயதினரிடம் அகில இந்திய அளவு 4 சதவீதம். உங்களிடம் நகரத் தனியார் பள்ளிகளும் இருப்பதால் கூடுதலாக வைத்தேன், முன்னோட்டத்தில் வரும் எண்ணைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள்.

உங்கள் உண்மையான கேள்வி தொடர்பு பற்றியது. 0.15 அளவுள்ள சிறிய தொடர்பை 80 சதவீத உறுதியோடு பிடிக்க 347 பேர், அதையும் வடிவமைப்பு விளைவால் பெருக்க வேண்டும். மூன்று வகைப் பள்ளிக்கும் தனித்தனியாக அந்தத் தொடர்பைச் சொல்வோம் என்று நெறிமுறையில் எழுதிவிடாதீர்கள். அதற்கு மூன்று மடங்கு பிள்ளைகள் வேண்டும்.

படிவம்_பார்ப்பவர்

அனுமதி வரிசை பற்றிச் சுருக்கமாக. உங்கள் கல்லூரி நெறிமுறைக் குழு மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்த குழுதானா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பதிவுள்ள வேறு நிறுவனக் குழுவின் வழியாகப் போக வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலர் நெறிமுறைக் கடிதம் கேட்பார், நெறிமுறைக் குழுவோ கல்வித் துறைக் கடிதம் கேட்கும், இரண்டுக்கும் நடுவில் மாதங்கள் ஓடிவிடும். பள்ளி அனுமதிக்கு உட்பட்ட ஒப்புதலை நெறிமுறைக் குழுவிடமிருந்து முதலில் வாங்கி, அதை இணைத்துக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே கிடைத்த ஆணையின் நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒவ்வொரு தலைமை ஆசிரியருக்கும் கையில் கொடுங்கள். தனியார் பள்ளியில் தாளாளர் கையெழுத்தில்லாமல் முதல்வர் சொன்ன வார்த்தையை நம்பி அட்டவணை போட வேண்டாம்.

தலைமை ஆசிரியர் அனுமதி என்பது பெற்றோர் சம்மதம் ஆகாது. மறுப்புச் சொல்லாதவர்கள் எல்லாம் சம்மதித்ததாகக் கொள்ளவும் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம் வாய்மொழி இசைவு கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், 12-க்கு மேல் எழுத்தில். உங்கள் பிள்ளைகள் முதல் வகை. இடர் மிகக் குறைந்த ஆய்வுக்குப் பெற்றோரில் ஒருவர் சம்மதம் போதும், அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீடுகளில் இது பெரிய உதவி. ஆனால் பிள்ளையை வளர்ப்பது ஆத்தாவே (பாட்டியே) ஆனாலும், சட்டப்படி அவர் பாதுகாவலராக இல்லாவிட்டால் சம்மதப் படிவத்தில் அவர் கையெழுத்து செல்லாது. கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம், அவ்வளவே.

படிவம் திரும்பி வரும் வேகமும் பள்ளிக்குப் பள்ளி மாறும். நடவு, அறுப்பு நாட்களில் அம்மா விடியலில் வயலுக்குப் போய்விடுவார், புத்தகப்பைக்குள் படிவம் ஒரு வாரம் கிடக்கும். முதல் மூன்று நாளில் வந்த படிவங்களை மட்டும் எடுத்துக்கொண்டு 20 பேர் சேர்ந்துவிட்டது என்று மூடினால், வசதியுள்ள வீடுகளே மாதிரியில் நிறைந்துவிடும். வகுப்புப் பதிவேட்டிலிருந்து குலுக்கி எடுத்த பெயர்ப் பட்டியலை வைத்து, அந்த வீடுகளை மட்டும் மூன்று முறை தொடருங்கள். யார் மறுத்தார், யாரைப் பார்க்கவே முடியவில்லை, ஏன் என்று தனி ஏடு வையுங்கள்.

தஞ்சை_குழந்தைநலம்

அளவெடுப்பு பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். எடையும் உயரமும் சுலபம் என்று நினைத்துத்தான் பல ஆய்வுகள் கெடுகின்றன.

ஒரு கணக்குப் பாருங்கள். 8 வயதுப் பையன், உயரம் 126 செ.மீ., எடை 27.5 கிலோ. உடல் நிறை எண், அதாவது எடையை மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது, 17.3. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணையில் அந்த வயதுப் பையனுக்கு அதிக எடையின் எல்லை 17.4. ஆக இவன் எல்லைக்குள் இருக்கிறான். தலையை லேசாகக் குனிந்து நின்று 125 என்று பதிவானால் எண் 17.6. உயரம் சரியாக இருந்து, இடுப்பு பெல்ட், அடையாள அட்டை, பையில் கிடக்கும் கோலி, சில்லறை எல்லாம் சேர்ந்து 400 கிராம் ஏறினாலும் 17.6. இரண்டிலும் பையன் அதிக எடைப் பட்டியலுக்குப் போய்விடுகிறான். பெல்ட்டும் டையும் ஷூவும் தனியார் பள்ளிச் சீருடையில்தான் அதிகம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். தனியார் பள்ளியில் பருமன் கூடுதல் என்று நீங்கள் எழுதப்போவதில் ஒரு பங்கு வெறும் சீருடையாக இருக்கலாம்.

அதனால் ஷூ, சாக்ஸ், பெல்ட், டை, அட்டை எல்லாம் கழற்றி, பைகளைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். பெண் பிள்ளைகளின் உச்சியில் கிளிப்போ பூவோ இருந்தால் எடுத்துவிட வேண்டும். மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை பின்னால் இருக்கும் வரை தொந்தரவில்லை, ஆனால் தலையின் பின்பக்கம் பலகையைத் தொடாமல் தடுத்தால் தளர்த்தச் சொல்லுங்கள். கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத்துளையின் மேல்விளிம்பும் ஒரே கிடைக்கோட்டில் இருக்க வேண்டும். ஒருவர் முன்னால் முழங்காலிட்டுத் தலையைப் பிடிக்க, மற்றவர் படிக்க, 0.1 செ.மீ. வரை எழுத வேண்டும். தனியாக ஒருவர் உயரம் எடுப்பது கூடாது. நால்வர் என்பது உண்மையில் இரண்டு அணிதான்.

பழைய ஓட்டுக் கட்டடங்களில் தரை மட்டமாக இருக்காது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றைக் கருவிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எடைமானியைப் பாய், ஜமக்காளம், மணல் பரப்பிய தரை இவற்றின்மேல் வைக்காமல் கெட்டியான பலகைமேல் வையுங்கள். தினமும் காலையில் முத்திரையிட்ட 10 கிலோ எடைக்கல்லும் 1 மீட்டர் கோலும் வைத்துச் சரிபார்த்து, தேதியோடு ஏட்டில் எழுத வேண்டும். 10 கிலோவில் 100 கிராமுக்கு மேல் விலகினால் அன்று அந்தக் கருவி வேண்டாம்.

அணியிலுள்ள இருவரும் தலை பிடிப்பவர், படிப்பவர் என்று இடம் மாறி, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக அளந்து எழுத வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வில் வைத்த வரம்பையே வையுங்கள்: எடையில் 100 கிராம், உயரத்தில் 7 மி.மீ. அதற்கு மேல் வேறுபட்டால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும். களத்துக்கு முன் 10 பிள்ளைகளை இரு முறை அளந்து ஒவ்வொருவரின் அளவீட்டுப் பிழையைக் கணக்கிடுங்கள். இரு அளவுகளின் வேறுபாடுகளை வர்க்கமாக்கிக் கூட்டி, பிள்ளைகளின் எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அது வரும். யாருக்குப் பிழை பெரிதோ அவருக்கு இன்னொரு நாள் பயிற்சி. அணிகள் இரண்டும் எல்லா வகைப் பள்ளிக்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஓர் அணி அரசுப் பள்ளி, ஓர் அணி தனியார் என்று நிரந்தரமாகப் பிரித்துவிட்டால் அணியின் கைப்பிழை பள்ளியின் கணக்கில் ஏறிவிடும்.

நேரமும் ஒன்றாக இருக்கட்டும். முதுகெலும்பு நாள் முழுக்கச் சற்றே அமுங்கும், காலையில் எடுத்த உயரம் மாலையில் குறையும். எல்லாப் பள்ளியிலும் காலை 10 முதல் 12 மணிக்குள் முடியுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இடுப்புச் சுற்றளவு எடுப்பதாயிருந்தால், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுப்புள்ளியில், இயல்பாக மூச்சு விட்ட முடிவில் எடுங்கள். நம் பிள்ளைகளுக்கு அரைஞாண் கயிறு இருக்கும். அது இருக்கும் இடத்தையே இடுப்பு என்று கொண்டு டேப்பைச் சுற்றுவது பலரும் செய்யும் தவறு. கயிறு அந்தப் புள்ளிக்குக் கீழேதான் இருக்கும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பணியாளரே, திரைக்குப் பின்னால், ஓர் ஆசிரியையும் உடன் இருக்க.

வயதில் அசட்டையாக இருக்காதீர்கள். சேர்க்கைக்காகப் பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதியை வசதிக்கு மாற்றி எழுதியிருக்கலாம். பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள், இல்லையென்றால் தடுப்பூசி அட்டை. தேதிகள் மே, ஜூனில் குவிந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

எந்த எல்லைக்கோடு என்பதை இப்போதே எழுதி வையுங்கள். உலக சுகாதார நிறுவன முறையில், அந்த வயதுக்குரிய நடு அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் திட்டவிலக்கம் ஒன்றுக்கு மேல் போனால் அதிக எடை, இரண்டுக்கு மேல் பருமன். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2015 அட்டவணை, வளர்ந்தவர்களின் 23, 27 என்ற எண்களுக்கு இணையான கோடுகளைக் கொண்டது. அதே பிள்ளைகளுக்கு இரண்டும் வெவ்வேறு சதவீதம் தரும். ஒன்றை முதன்மையாக வைத்து மற்றதை இணைப்பில் கொடுங்கள். எண்களைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது நேர்மையில்லை.

மாயவரம்_உளவியல்

கேள்வித்தாளைக் கொடுத்தனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போனால் சில வீடுகளில் அம்மா படித்து நிரப்புவார், சில வீடுகளில் அக்கா நிரப்புவாள், சில வீடுகளில் பிள்ளையே நிரப்பும். இந்த மூன்றும் பள்ளி வகைக்கு ஏற்ப மாறும். எல்லாரிடமும் நேரில் வாசித்துக் கேட்பது ஒன்றே வழி, பட்டதாரி அம்மாவானாலும் அப்படித்தான்.

சி.இ.பி.க்யூ. 2001-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உருவானது. 35 கூற்றுகள், 8 பிரிவுகள்: உணவைக் கண்டதும் தூண்டப்படுதல், உணவில் மகிழ்ச்சி, மன உணர்ச்சியால் அதிகம் உண்ணுதல், உணர்ச்சியால் குறைத்து உண்ணுதல், குடிக்க விரும்புதல், நிறைவை உணர்தல், மெதுவாக உண்ணுதல், உணவை ஒதுக்குதல். இவற்றில் ஐந்து கூற்றுகளுக்கு மதிப்பெண் தலைகீழ்: ஒதுக்குதலில் மூன்று, நிறைவில் ஒன்று, மெதுவாக உண்ணுதலில் ஒன்று. தட்டச்சு முடிந்து கணக்கிடும்போது இந்த ஐந்தை மறந்தால் அந்தப் பிரிவுகளின் உள்ளிசைவு, அதாவது ஒரே பிரிவின் விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு, சரிந்து நிற்கும், தமிழாக்கம்தான் கெட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

தமிழாக்கத்தை ஒருவர் செய்தால் போதாது. தனித்தனியாக இருவர் தமிழாக்கட்டும், மூன்றாமவர் சேர்த்து ஒன்றாக்கட்டும், மூலத்தைப் பார்க்காத இருவர் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். அதன்பின் 8, 10 அம்மாக்களிடம் வாசித்து, "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்க வேண்டும். நம் பக்கத்தில் இடறும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை இவை.

மூலத்தில் கவலை, பதற்றம் இரண்டும் தனித்தனிக் கூற்று. இரண்டையும் "கவலை" என்று எழுதினால் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டதாகிறது. பதற்றத்துக்கு "பரீட்சை நாள் மாதிரி படபடன்னு இருக்கும்போது" என்று சூழலோடு சொன்னால் புரிகிறது. "குடிக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்" என்றால் ஜூலை வெயிலில் எல்லா அம்மாவும் ஆமாம் என்பார்கள், தண்ணீரைத்தான் நினைத்துக்கொள்வார்கள். மூலக் கூற்றைத் தொடாமல் வைத்து, தண்ணீரா, டீ, காபியா, ஜூஸா, கலர் பாட்டிலா என்று உங்கள் சொந்தக் கேள்வியாகப் பின்னால் தனியே சேருங்கள்.

மெதுவாகச் சாப்பிடுவது பற்றிய பிரிவில் பெரிய சிக்கல் ஊட்டிவிடுவது. எட்டு வயதிலும் காலை அவசரத்தில் அம்மாவோ ஆத்தாவோ ஊட்டிவிடும் வீடுகள் நிறைய. அங்கே வேகமும் நிறுத்தும் இடமும் ஊட்டுபவரின் கையில் இருக்கிறது, பிள்ளையின் வயிற்றில் இல்லை. நிறைவை உணர்தல் என்ற பிரிவே அங்கு பொருள் மாறிப்போகிறது. எந்த வேளை யார் ஊட்டுகிறார்கள், அப்போது கையில் மொபைல் இருக்கிறதா, தட்டைக் காலி செய்யச் சொல்லி வற்புறுத்துகிறார்களா என்ற மூன்று கேள்விகளைக் கட்டாயம் சேருங்கள். என்னைக் கேட்டால் உங்கள் ஆய்வின் சுவையான பகுதியே அங்குதான் இருக்கிறது.

"ஒருபோதும் இல்லை" முதல் "எப்போதும்" வரை ஐந்து விடைகளை வாயால் வாசித்தால் கடைசியாகக் கேட்டதையே திரும்பச் சொல்வார்கள். ஐந்து டம்ளர் படம் போட்ட அட்டை ஒன்று செய்யுங்கள்: காலி, கால், அரை, முக்கால், நிறைய. விரல் வைத்துக் காட்டட்டும்.

இன்னொன்று. "எம்புள்ள நல்லா சாப்பிடுவான்" என்று நாலு பேர் முன்னால் சொல்ல அம்மாக்களுக்குத் தயக்கம் உண்டு, கண் பட்டுவிடும். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நிற்க, திண்ணையில் வைத்துக் கேட்டால் விடை குறைந்தே வரும். உள்ளே, அல்லது பள்ளியில் தனி அறையில், பிள்ளையும் காதில் வாங்காத இடத்தில் கேளுங்கள். 40, 50 அம்மாக்களிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டு விடை நிற்கிறதா என்று பாருங்கள், அதே ஆள் பதில் சொல்ல வேண்டும். முதல் முறை ஆத்தா, இரண்டாம் முறை அம்மா என்றால் அந்தச் சோதனைக்குப் பொருளில்லை.

களப்பணி_குடந்தை

மிக்க நன்றி. 28 பள்ளி, 30 பேர், இரண்டு தவணை என்று மாற்றிவிட்டோம். கேள்வித்தாளும் நேரில்தான். முந்தைய நாள் உணவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? போனில் கேட்டால் போதுமா? இன்னொன்று, வயிறு நிறைந்த பிறகும் தின்பண்டம் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று நேரடியாகப் பார்க்கும் சோதனையை 60 பிள்ளைகளிடம் செய்ய விரும்புகிறோம்.

சத்துணவுக்கணக்கு

அம்மாவிடம் மட்டும் கேட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளையின் கணக்கில் பாதி காணாமல் போகும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகை மாவட்டம் திருக்குவளையில் தொடங்கிவைத்த விரிவாக்கத்தில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிந்தது, பிறகு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. 5-ஆம் வகுப்பு வரை காலைச் சாப்பாடு பள்ளியில், மதியம் சத்துணவு. பள்ளி நாளின் இரண்டு வேளை அம்மாவின் கண்ணில் படுவதேயில்லை. கேட்டால் "ஸ்கூல்ல சாப்பிட்டுருப்பான்" என்பார். தனியார் பள்ளி அம்மா டிபன் பாக்ஸில் என்ன வைத்தேன் என்று அளவோடு சொல்வார், ஆனால் அது வைத்தது, உண்டது அல்ல. பாதி பக்கத்துப் பிள்ளைக்குப் போயிருக்கும். இந்த இரண்டு விடைகளை ஒப்பிட்டு அரசுப் பள்ளிப் பிள்ளை குறைவாகச் சாப்பிடுகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பள்ளி வேளைக்கு நேரில் நின்று பாருங்கள். மறுநாள் கேட்கப்போகும் பிள்ளைகளை முதல் நாள் காலையிலும் மதியமும் ஒருவர் கவனித்து, எத்தனை கரண்டி வாங்கியது, இரண்டாம் முறை கேட்டதா, மீதி எவ்வளவு என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு சமையலறையிலும் பரிமாறும் கரண்டி வேறு. மூன்று கரண்டி சாதத்தைத் தனித்தனியாக நிறுத்துச் சராசரி எடுங்கள். சத்துணவில் தொடக்க வகுப்புக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி என்பது விதி, வெந்தால் ஏறக்குறைய 250 முதல் 300 கிராம். அது உலையில் போடும் கணக்கு, தட்டில் விழும் கணக்கு இல்லை. முட்டை முழுதாக வாங்கி மஞ்சள் கருவை வைத்துவிடும் பிள்ளைகள் உண்டு, அதையும் பாருங்கள். அமைப்பாளரிடமும் சமையலரிடமும் முன்கூட்டியே பேசி, இது அவர்கள் வேலையைச் சோதிக்க வந்ததல்ல என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் நிற்கும் நாளில் மட்டும் கரண்டி நிறைந்து விழும்.

வீட்டுப் பகுதிக்கு அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார வேண்டும். இரண்டு நாள், அடுத்தடுத்து இல்லாமல். ஒன்று பள்ளி நாள், ஒன்று ஞாயிறு. முதலில் இடைமறிக்காமல் பட்டியலைச் சொல்ல விடுங்கள். பிறகு மறந்தவை. பிறகு நேரமும் இடமும். பிறகு அளவும் செய்முறையும். கடைசியில் முழுவதையும் திரும்ப வாசித்துக் கேளுங்கள். இரண்டாவது படிதான் நம் ஊரில் உயிர். "சாப்பிட்டியா?" என்றால் சோறோ டிபனோ மட்டும்தான். பன், பிஸ்கட், சுண்டல், பஜ்ஜி, ஐந்து ரூபாய்ப் பாக்கெட் இதெல்லாம் சாப்பாட்டில் சேராது. "பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாயில என்ன போட்ட?", "கடைக்கு அனுப்புனப்ப மிச்சக் காசுக்கு என்ன வாங்குன?", "கோயிலுக்குப் போனியா, என்ன பிரசாதம்?", "விசேஷத்துக்குப் போனீங்களா?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்றால் டீயை விட்டுவிட்டுப் பிஸ்கட்டை மட்டும் சொல்வார்கள். டீக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்பதும் வேண்டும், தட்டையாக எடுத்த ஒரு டீஸ்பூன் சுமார் 4 முதல் 5 கிராம்.

அளவுக்கு வீட்டுப் பாத்திரத்தையே எடுத்து வரச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றி அளக்கும் குவளை ஒன்றால் டம்ளர், கிண்ணம், குழம்புக் கரண்டி மூன்றையும் அளந்துவிடலாம். இதனால்தான் போன் போதாது. இரண்டாவது நாளுக்கு வேண்டுமானால் போன், பாத்திர அளவுகள் ஏற்கெனவே ஏட்டில் இருக்குமென்பதால். பெட்டிக்கடைப் பாக்கெட்டுகளை வாங்கி, அச்சிட்ட எடையைக் குறித்து வையுங்கள். விலை அதே ஐந்து ரூபாயாக இருக்கும், உள்ளே கிராம் குறைந்துகொண்டே போகும், இரண்டாம் தவணைக்கு மறுபடி பாருங்கள்.

சத்துக் கணக்குக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுச் சத்து அட்டவணை, 528 உணவுகள். பெரும்பாலும் சமைக்காத பொருள்கள் என்பதால் கும்பகோணம் கடப்பாவுக்கோ புளியோதரைக்கோ அசோகாவுக்கோ நேரடி வரி கிடையாது. மூன்று, நான்கு வீடுகளில் போட்ட பொருளையும் சமைத்தபின் மொத்த எடையையும் நிறுத்து, உங்கள் செய்முறை ஏட்டை நீங்களே உருவாக்க வேண்டும். முன்னோட்டத்தில் அடிக்கடி வந்த 40 பண்டங்களுக்குச் செய்தால் பெரும்பகுதி அடங்கிவிடும்.

மாயவரம்_உளவியல்

தின்பண்டச் சோதனை பற்றி. முறை 1999-இலிருந்து புழக்கத்தில் இருப்பதுதான்: வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளைக்குச் சற்று நேரம் கழித்து, விளையாட்டுச் சாமானும் நிறுத்து வைத்த தின்பண்டங்களும் உள்ள அறையில் 10 நிமிடம், பிறகு மீதியை நிறுத்தல். தனித்தனிப் பிள்ளையாக வையுங்கள், இருவர் இருந்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுப்பார்கள். ஒவ்வாமை பற்றி அம்மாவிடம் முன்பே கேட்டுவிட்டு, கடலை மிட்டாயைத் தவிர்த்துவிடுங்கள். 1 கிராம் வரை காட்டும் தராசு, ஒவ்வொரு பண்டத்துக்கும் தனி டப்பா. நம் காற்றில் முறுக்கு நமத்து ஈரம் ஏறும், ஆகவே யாரும் தொடாத ஒரு டப்பாவையும் அதே நேரம் திறந்து வைத்து நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். கீழே சிந்திய தூளையும் சேர்த்து நிறுக்க வேண்டும். தம்பிக்கென்று சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இருப்பார்கள். திட்டவோ சோதனை போடவோ வேண்டாம், பார்த்த அளவைக் குறிப்பில் எழுதினால் போதும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. வீட்டில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு உள்ள பிள்ளை, கிடைத்தபோது முழுவதையும் எடுக்கும். அதே எண்ணிக்கை இன்னொரு பிள்ளையிடம் வேறு காரணத்தால் வரும். கடந்த மாதத்தில் காசில்லாமல் ஒரு வேளையைக் குறைத்தீர்களா என்ற கேள்வி அம்மா கேள்வித்தாளில் இல்லாவிட்டால் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். ஒரே வகுப்பில் மெலிந்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் ஊர் நம்முடையது.

தஞ்சை_குழந்தைநலம்

விட்டுப்போன ஒன்று. அளக்கும் அறையில் எண்ணை உரக்கச் சொல்லவே கூடாது. எழுதுபவர் திரையைப் பார்த்துத் தானே எழுதட்டும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் காதில் "முப்பத்தெட்டு கிலோ" என்று விழுந்தால், அன்று மதியமே அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வந்துவிடும். ஆய்வின் பெயரை "உடற்பருமன் ஆய்வு" என்று பேனரிலோ படிவத்தின் தலைப்பிலோ போடாதீர்கள். "பிள்ளைகளின் வளர்ச்சியும் உணவும்" என்று போட்டு, உள்ளே நோக்கத்தை மறைக்காமல் விளக்குங்கள். குண்டான பிள்ளைகளை மட்டும் தனியாகக் கூப்பிடும் எந்தக் கட்டமும் வேண்டாம். தின்பண்டச் சோதனைக்கான 60 பேரையும் எடை பார்க்காமல் குலுக்கியே எடுங்கள்.

பெற்றோருக்கு முடிவு போக வேண்டும், மூடிய உறையில், வகுப்பாசிரியர் கையில் திறந்த தாளாகக் கொடுக்காமல். எந்தப் பிள்ளையை மருத்துவரிடம் அனுப்புவது என்பதும் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்: இரண்டு திட்டவிலக்கத்துக்கு மேல், கழுத்துப் பின்புறம் தடித்துக் கறுத்திருப்பவர்கள், அதேபோல் இரண்டு திட்டவிலக்கத்துக்குக் கீழே மெலிந்திருப்பவர்களும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு தேசிய சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு பள்ளிக்கே வரும், அந்த வட்டாரக் குழுவிடம் பட்டியலைப் பெற்றோர் சம்மதத்தோடு கொடுக்கலாம். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவின் புறநோயாளி நாளும் நேரமும் உறைக்குள்ளேயே அச்சடித்து வையுங்கள். அனுப்பிய பிள்ளை போனதா என்று ஒரு மாதம் கழித்துப் போன் செய்யும் வேலைக்கு ஒருவரை இப்போதே பெயர் குறித்து வையுங்கள்.